கட்டைவிரலும் கேன் தண்ணீரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. போர்வை நுனி வலது கால் கட்டைவிரலில் பட்டது. அவ்வளவுதான்... அலறிவிட்டேன்!

விரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. ஐம்பத்திரண்டு வயது மனுஷன், கார் பாகம் செய்யும் ஃபேக்டரியில் குவாலிட்டி பார்க்கிறவன், ஒரு போர்வைக்கு அலறுகிறேன். நல்லவேளை, கேட்க யாரும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை ரூமில் நான். மனைவி சுமதியும் பெண்ணும் திண்டுக்கல்லில்.

சுமதிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் முதல் நினைப்பு. தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். பெண்ணின் பிளஸ் டூ என்ன ஆவது?

ஷேர் ஆட்டோவில் நொண்டிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்குக்குப் போனேன். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "கவுட் சார். யூரிக் ஆசிட் ஏறிக் கிடக்கு" என்றார் லேடி டாக்டர்.

"வாராவாரம் ஞாயித்துக்கிழமை சாப்பிடுற ஈரல் வறுவல்தான் காரணமா டாக்டர்?"

"அதுவும்தான். ஆனா பெரும்பகுதி உடம்புக்குள்ளயே உண்டாகுது. டிஎன்ஏவைக் கட்டுற செங்கல்லை உடம்பு தானே செய்யுது, பழசை உடைக்குது, உடைஞ்சதுல நிறைய திரும்ப எடுத்துக்குது. மிச்சமாகிற செங்கல், அதாவது பியூரின்தான் யூரிக் ஆசிட்டா மாறி கிட்னி வழியா வெளிய போகணும். தேங்கிட்டா மூட்டுல ஊசி ஊசியா படிஞ்சுடும்."

திரும்ப எடுத்துக்கொள்ளும் அந்த வேலை பிறவியிலேயே நடக்காத குழந்தைகளும் உண்டாம். தன் உதட்டையும் விரலையும் தானே கடித்துக்கொள்ளுமாம். கேட்டதும் என் விரல் எனக்கே அற்பமாகிவிட்டது.

பெரும்பாலான மிருகங்களுக்கு யூரிக் ஆசிட்டையும் உடைத்துப்போட ஒரு என்சைம் உண்டாம். மனுஷனுக்குக் கிடையாது. ஒரகடம் ரோட்டில் குறுக்கே படுத்திருக்கிற நாய்கூட நம்மைவிடக் கொடுத்துவைத்தது!

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

எங்கள் ஃபேக்டரி லைனில் வேலை நடுவே பாத்ரூம் போக வேண்டுமென்றால் ரிலீவர் ஒருவர் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டும். அவரைக் கூப்பிட்டால் லைனே திரும்பிப் பார்க்கும். அதனால் ஷிப்டுக்குக் கிளம்பும்போதே தண்ணீரை நிறுத்திவிடுவோம். நான் மட்டுமா? பாதி லைன் அப்படித்தான். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாத்திரை எழுதிக் கொடுத்து, "நிறைய தண்ணி குடிங்க, நடக்காதீங்க" என்றார்.

நல்ல யோசனை! ரூமுக்குத் திரும்பியபோது காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. தண்ணீர் கேன் கதவோரம். நான் கட்டிலில். நடுவே ஆறு அடி தூரம். ஒரு டம்ளர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. வலியில் வராத அழுகை அப்போது வந்தது. தரையில் உட்கார்ந்து நகர ஆரம்பித்தேன்.

கதவு திறந்திருந்தது. பக்கத்து ரூம் செல்வி, கேன்டீனில் வேலை செய்கிறவர், எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கீழ தவழ்ந்துகினு கீறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். கேனைத் தூக்கிக் கட்டில் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு குரல் குடுத்தா வரமாட்டேனா? வூட்ல சொல்ட்டீங்களா?"

"வேண்டாம்மா, பயந்துடுவாங்க."

"நல்லா கீது நியாயம்! நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

போன் போட்டேன். கால், கவுட், தவழ்ந்தது எல்லாவற்றையும் சுமதியிடம் கொட்டினேன். அழப்போகிறாளா? திட்டப்போகிறாளா?

"ஏங்க... நானும் ஒண்ணு சொல்லணும். சித்திரையில இருந்து சுகருக்கு மாத்திரை போடுறேன். சொன்னா வேலையை விட்டுட்டு ஓடிவந்துருவீங்கன்னுதான்..."

தினமும் அரை மணி நேரம் போனில் பேசுகிற ஜோடி நாங்கள். அப்படி என்னத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்!