கணப்போரக் கட்டில்

என் அப்பாவின் சித்தப்பா நொஸ்ரத்தை வீட்டில் எல்லோரும் அமு என்றுதான் கூப்பிடுவோம். தெஹ்ரானில் டாக்சி ஓட்டி ஓய்ந்தவர். உபசாரம் அவருக்கு ஒரு வியாதி மாதிரி. ஒருமுறை சாரி நகரப் பேருந்து நிலையத்தில், நீங்கள் முதலில் ஏறுங்கள் என்று பின்னால் நின்றவர்களை எல்லாம் ஏற்றிவிட்டு, கடைசியில் பஸ்ஸையே வழியனுப்பி வைத்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவரை அழைத்துக்கொண்டு ஃபில்பந்த் மலைக்குப் போனேன். அங்கே மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தேன். அமுவின் முழங்காலுக்குக் குளிர் ஆகாது. அவரைக் கணப்படுப்பின் ஓரமாகப் படுக்க வைப்பேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் அம்மா விட்டார். வலியோடு திரும்பினால் இனி எங்கேயும் அனுப்புவதில்லை என்றும் சொல்லியிருந்தார்.

வீட்டில் ஒரே கட்டில், கணப்பை ஒட்டி.

மாலையில் வீட்டுக்காரர் மஷ்தி யதுல்லா விறகு கொண்டுவந்தார். டீ குடித்துவிட்டு எழுந்தவரை அமு இரவு தங்கச் சொன்னார். அவர் மறுத்தார். மறுபடி சொன்னார், மறுபடி மறுத்தார். எங்கள் ஊர் வழக்கப்படி பேச்சு இதோடு முடிய வேண்டும். இரண்டு முறை கேட்பது மரியாதை. மூன்றாம் முறை கேட்டால் நிஜமாகவே கேட்கிறோம் என்று பொருள். அமு வாழ்நாளில் இரண்டோடு நிறுத்தியதில்லை.

"கட்டில் உங்களுக்குத்தான் மஷ்தி. நீங்க படுக்கலைன்னா எனக்குத் தூக்கமே வராது."

மஷ்தி ஜன்னலைப் பார்த்தார். பனிமூட்டத்தில் பாதை தெரியவில்லை.

"இவ்வளவு தூரம் சொல்றீங்க..." என்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அமு என்னைச் சமையல் மூலைக்கு இழுத்தார்.

"என்னடா, சரின்னுட்டான்?"

"நீங்கதானே அமு கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டா தங்கிடறதா?"

பிறகு கதவோரமாகப் படுக்கையை விரித்தார். தரை முதுகுக்கு நல்லதாம். யாரும் கேட்கவில்லை. கதவிடுக்கில் காற்று விசில் அடித்தது. எனக்கு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. முழங்கால் விஷயத்தை மஷ்தியிடம் போட்டு உடைத்துவிட்டேன். அமு என்னை எரிப்பதுபோல் பார்த்தார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?" என்று மஷ்தி கட்டிலிலிருந்து குதித்தார்.

விருந்தாளியின் கட்டிலைப் பிடுங்குவதா? அமு மறுத்தார். இப்போது கெஞ்சுவது மஷ்தியின் முறை. மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அமு மறுத்தார். அப்படியானால் எனக்கும் தரைதான் என்று மஷ்தி கணப்பின் பக்கத்தில் கோட்டை விரித்துப் படுத்துவிட்டார். விருந்தாளியைத் தரையில் தனியாக விட முடியுமா? அமு முனகிக்கொண்டே தன் படுக்கையை இழுத்து வந்து அவர் பக்கத்தில் போட்டார். கட்டில் காலியாகக் கிடந்தது.

"நீ ஏறிப் படுடா. எங்க மானமாவது மிஞ்சட்டும்" என்றார் அமு.

அம்மா போனில், கணப்போரமாகப் படுத்திருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை.

காலையில் அமுவுக்கு வலி இல்லை. மேகம் பார்க்கக் கிளம்பினோம். வாசலில் மஷ்தி ஒதுங்கி நின்று, "நீங்க முதல்ல" என்றார்.

நான் உள்ளே திரும்பி, இன்னொரு டீக்குத் தண்ணீர் வைத்தேன்.