வேலியைத் தொட்டு வருபவர்

மருதாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்வதியிடம் நீட்டுகிறார். அவள் அதை வாங்கி முந்தானையில் துடைத்து ஜன்னல் கட்டையில் வைப்பதற்குள் சுரங்கத்தில் காலை ஷிப்டுக்கு முதல் சங்கு ஊதிவிடுகிறது. உடனே மனிதர் கேட்டைத் தள்ளிக்கொண்டு தெருவில் பாய்கிறார். பாய்கிறார் என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். நாற்பதைத் தாண்டிய வயது, முண்டா பனியனுக்குள் அடங்க மறுக்கும் தொப்பை, சாக்பீஸ் பூசி வெளுக்க வைத்த கான்வாஸ் ஷூ. இவற்றோடு ஒருவர் கிளம்புவதற்கு வேறு நல்ல சொல் கிடைத்தால் வாசகர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அவருடைய குவார்ட்டர்ஸ், பிளாக்கின் கடைசித் தெருவில் இருக்கிறது. அதைத் தாண்டினால் தெருக்குழாய், பால் டிப்போ, ஒரு மதகு, பிறகு முந்திரி மரங்களுக்கு நடுவே நேராகச் சுரங்கத்தை நோக்கிப் போகும் செம்மண் சாலை. சாலை முள்வேலியில் போய் முட்டி நிற்கும். வேலிக்கு அப்பால் நிலக்கரி தோண்டும் அந்தப் பெரும் பள்ளம். மருதாசலம் வேலிக் கல்லை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டிய கையோடு திரும்பி வீட்டுக்கு ஓடி வருவார். தட்டாமல் திரும்பினால் அன்றைய ஓட்டம் செல்லாது. இது அவரே போட்டுக்கொண்ட சட்டம்.

அவர் ஓட்டத்தை அளப்பது கடிகாரத்தால் அல்ல. சுரங்கத்தின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவருக்குக் கடிகாரத்தின் மேல் நம்பிக்கை குறைவு. சாவி கொடுக்க மறந்தால் நின்றுவிடும் சாமான் அது என்பார். சங்கு அப்படியல்ல. முதல் சங்குக்குக் கிளம்ப வேண்டியது, இரண்டாம் சங்கு ஊதும்போது எங்கே இருக்கிறோம் என்று பார்க்க வேண்டியது. வீட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் சங்கு நம்மைப் பிடிக்கிறதோ அவ்வளவு முன்னேற்றம்.

நெய்வேலியில் காரணமில்லாமல் ஓடுகிறவர் அவர் ஒருவர்தான். அதனால் ஷிப்டு பஸ் டிரைவர் சிங்காரவேல் இவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி, “ஏறிக்குங்க சார், எதுக்கு ஓடியாறீங்க?” என்று இன்றைக்கும் கேட்கிறார். டைம் ஆபீஸ்காரரே ஓடுகிறாரே, சுரங்கத்தில் என்னவோ ஏதோ என்று பதறிப் பின்னாலேயே சைக்கிளில் வந்தவர்களும் உண்டு. மருதாசலம் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. “நான் ஓடறதப் பாத்தா நாய்கூடத் தொரத்தாதுங்க. அய்யோ பாவம்னு வழி விட்டுட்டு நிக்கும்” என்று தானே முந்திக்கொள்வார். உடுமலைப் பக்கத்துக்காரர். அடுத்தவன் சிரிப்பதற்கு முன்னால் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டால் பாதி வலி குறையும் என்பது அவர் கண்டுபிடித்து வைத்திருக்கும் வைத்தியம்.

வலி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் ஆகஸ்ட் பதினைந்து விளையாட்டு விழாவில், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றும் பந்தயம் ஒன்று வைத்தார்கள். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரரான பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜெயராமன் உசுப்பிவிட்டதில் மருதாசலமும் பெயர் கொடுத்தார். இரண்டாவது சுற்றில், நகரியமே பார்த்துக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்துவிட்டார். கோலி சோடா உடைத்துக் கொடுத்து, இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டு வந்தார்கள். மறுநாளிலிருந்து அவர் பெயர் சோடாக்காரர். வேலைக்கு வந்த அடையாளமாக நம்பர் வில்லையை மாட்ட டைம் ஆபீஸுக்கு வரும் தொழிலாளிகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். பார்வதி கடைக்குப் போனால், ‘சோடாக்காரர் வீட்டம்மா’ என்று யாரோ அடையாளம் சொன்னார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஜெயிக்க வேண்டாம், அடுத்த வருஷம் உட்காராமல் மூன்று சுற்றையும் முடித்தால் போதும் என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

முதல் மாதம் இரண்டாம் சங்கு அவரை மதகிலேயே பிடித்தது. வீட்டுக்கு வந்தால் படியில் சாய்ந்துவிடுவார். ஆனால் கார்த்திகையில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்து ஓடினாரே, அன்றைக்குச் சங்கு பால் டிப்போவில் பிடித்தது! ரசம் சோற்றின் மகிமை என்றார். சித்திரையில் மச்சினன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் பலகாரமாகத் தின்று திரும்பினார். ஓடினால் சங்கு தெருக்குழாயில் பிடித்தது. ஓய்வுதான் ஓட்டக்காரனுக்கு உரம் என்று ஒரு புதுத் தத்துவமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆனி பிறந்தபோது சொந்த வீட்டு கேட்டில் கை வைத்துக்கொண்டு இரண்டாம் சங்கைக் கேட்டார். “என்னவே, இன்னைக்குச் சங்கு உம்மை எங்க பிடிச்சுது?” என்பது ஜெயராமனின் காலை வணக்கமாகிவிட்டது. மருதாசலம் பதில் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். தொப்பையும் கூடவே நிமிரும்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. வேலியைத் தட்டித் திரும்பியவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டு போய், அங்கே முந்திரி மரத்தடியில் கூழ் விற்கும் வள்ளியம்மாளின் விளக்கருகே உட்கார்ந்தார். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஓட ஆரம்பித்தபோது பாதி வழியில் இருந்த அவள் விளக்கைத் தாண்டித்தான் அவர் ஒரு வருஷமாகப் போய் வருகிறார். ஓடும்போது பேச மூச்சு இருக்காது, அதனால் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குத்தான் பேச மூச்சு இருந்தது. வியாபாரம் பெருகட்டும் என்று கடையை வேலி ஓரத்துக்கே கொண்டுவந்துவிட்டாயா என்று கேட்டு வைத்தார்.

வள்ளியம்மாள் கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் எங்க சார் வந்தன்? கடை போட்ட நாளா இதே மரத்தடிலதான் குந்திக்கினு இருக்கறன். வேலிதான் வந்துகினே இருக்குது. தோ, கார்த்திகைல ஒருக்கா புடுங்கி நட்டாங்க. சித்திரைல ஒருக்கா, ஆனில ஒருக்கா.”

மருதாசலத்துக்குக் கெண்டைக்கால் வலி மறந்துபோயிற்று. பள்ளம் வளர வளர வேலி முன்னால் வரும் என்பது நகரியத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கு இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும். வேலியைப் பிடுங்கி நடும் ஆட்களுக்கு ஆஜர் போடுகிறவரே இவர்தான். கண்ணாடியில்லாத கண்ணும், விடியாத இருட்டும், தன் கால் மேல் வைத்த நம்பிக்கையும் சேர்ந்து அவரை ஒரு வருஷம் நன்றாக ஏமாற்றியிருந்தன. மானக்கேடு என்றால் இதுதான் என்று அவருக்குக் காது சுட்டது. விஷயத்தை அவளிடமே சொல்லிவிட்டார். பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிடப் போவதாகவும் சொன்னார்.

வள்ளியம்மாள் சிரித்தாள். அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். “எங்க வூடு அங்கதான் இருந்திச்சு. வூட்டையே தூக்கிக்கினு வந்து நாங்க பொழைக்கறம். நீங்க ஒரு ஓட்டத்துக்குப் போயி மூஞ்சிய இப்பிடி வச்சிக்கினு குந்திட்டிங்களே. இந்தாங்க, கூழக் குடிங்க.”

குடித்தார். அவர் ஒரு வருஷமாகச் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு கெஜமும் யாரோ ஒருவருடைய வாசல் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் வேறு இடத்துக்கு மாறியது.

மறுநாள் கண்ணாடியைக் கயிற்றால் பின்தலையில் கட்டிக்கொண்டு ஓடினார். வேலி விழுங்கிய தூரத்துக்கு ஈடாக, முந்திரி மரத்துக்கும் மதகுக்கும் இடையே இன்னொரு நடை போய் வந்தார். இரண்டாம் சங்கு சரியாக மதகிலேயே பிடித்தது. முதல் மாதம் பிடித்த அதே மதகு! அங்கிருந்து வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். ஒரு வருஷப் பாடு வெறும் பூஜ்யம் என்று பார்வதியிடம் சொன்னார். அவள் கண்ணாடிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “போன வருசம் வந்தா படியில சாஞ்சுருவீங்க. இன்னைக்குச் சிரிச்சுட்டு வந்து கதையும் சொல்றீங்கள்ளங்க” என்றாள். மனைவியின் ஆறுதல் என்று அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜெயராமனிடமும் தானே போய்ச் சொன்னார். ஜெயராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அப்படியென்றால் சோடாவுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்றார்.

“ரெண்டாச் சொல்லிப்போடுங்க. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு அந்த வேலிக்கு. பாவம், வருசம் பூரா ஓடுனது அதுதானுங்களே.”

பெயரை மட்டும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து வெயில் சுள்ளென்று அடித்தது. முதல் சுற்றிலேயே எல்லாரும் அவரை விட்டுவிட்டு முன்னே போனார்கள். இரண்டாவது சுற்றில், போன வருஷம் உட்கார்ந்த இடத்தில் ஜெயராமன் சோடாவோடு நின்றுகொண்டிருந்தார். கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. கண்ணாடியைப் பழையபடி பார்வதியிடம் கொடுத்துவிட்டு வந்த மருதாசலத்துக்கு ஜெயராமன் ஒரு வெள்ளைச் சட்டையாகத் தெரிந்தார். தாண்டிப் போய்விட்டார். அவர் மூன்றாவது சுற்றில் பாதி வந்தபோது மற்றவர்கள் முடித்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ரிப்பனைச் சுருட்டிவிட்டார்கள். அடுத்து சாக்கு ஓட்டம் என்று மைக்கில் அறிவிப்பும் ஆகிவிட்டது. மருதாசலம் மட்டும் தன் சாலையில் தனியாக வருவதுபோல, தலையைக் குனிந்துகொண்டு, அதே அசைவில் வந்துகொண்டிருந்தார். கண்ணாடியை வைத்திருந்த பார்வதி, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றின் ஓரத்துக்கே வந்து நின்றாள். சோடாவை உடைக்காமலே ஜெயராமனும் பின்னால் ஓடி வந்தார்.

முடிவுக் கோட்டில் நட்டிருந்த சவுக்குக் கட்டை தெரிந்ததும் அவர் கை தானாக நீண்டது. உள்ளங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கையோடு திரும்பி, வந்த வழியே மறுபடியும் ஓட ஆரம்பித்தார்.