மூடியில் இருந்த ஊசித்துளை

மண்ணெண்ணெய்ப் புகையும் உப்புக்காற்றும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் வலது கை தானாகவே எதையோ பிடித்து இழுக்கப் போகிறது. அது எஞ்சின் கிளப்புகிற கயிறு. அந்தக் கயிற்றின் கதையைச் சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு ஸ்பானரோடு உட்கார்ந்து, பம்ப்செட், ஜெனரேட்டர், படகு எஞ்சின் என்று எது வந்தாலும் ஓடவைத்து, அந்தக் கொட்டகையை இரண்டு மாடிப் பட்டறையாக ஆக்கியவன். முடிச்சூரில் வயலாகக் கிடந்த இடத்தில், "இங்க போய் எவனாவது வூடு கட்டுவானா" என்று சிரித்தவர்கள் முன்னாலேயே வீடு கட்டி, வெள்ளம் வந்த வருஷம் சிரித்தவர்களுக்கும் சேர்த்து மொட்டைமாடியில் சோறு போட்டவன். இரண்டு பெண்களைப் படிக்கவைத்தேன். ஒருத்தி சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். நான் எழுதுகிற இந்தக் கட்டுரையின் எழுத்துப்பிழைகளை அவள்தான் திருத்துகிறாள்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று எங்கள் நகர் நலச்சங்கம் போடுகிற மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். ஆரம்பித்தது ஒரு பழைய எஞ்சினில்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மோட்டார்சைக்கிள் பட்டறையில் வேலை. வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிவேன், பாதி தடவை அது சரியாகவும் இருக்கும். என் அக்கா கஸ்தூரியைக் கோவளத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் புருஷன் ஏழுமலை மாமா துடுப்புப் போட்டே கடலுக்குப் போய்வந்தவர். மற்ற படகுகள் எஞ்சின் மாட்டிக்கொண்டு முன்னால் போய் நல்ல இடம் பிடித்துவிட, இவர் போய்ச் சேரும்போது மீன் இருக்காது. அவரோடு வந்துகொண்டிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக எஞ்சின் படகுக்குப் போய்விட்டார்கள். அவர் தம்பி ஒருத்தன்தான் மிச்சம். இந்த வருஷமும் எஞ்சின் இல்லாவிட்டால் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு இன்னொருத்தன் படகில் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்ற நிலை.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பழைய எஞ்சின் விற்றவர் காசிம் பாய். ஒல்லியான உடம்பு, எப்போதும் கழுத்தில் ஒரு எண்ணெய்த் துண்டு. படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் ஒன்று அவரிடம் வந்திருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற வகை. மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கயிற்றை இழுத்தேன், இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் டேங்க்கை எடுத்துக் கொடுக்கும்போது பாய், "இந்த மூடியப் பத்தி ஒண்ணு சொல்லணும் தம்பி" என்று ஆரம்பித்தார்.

"எஞ்சினப் பத்தி எனக்கே சொல்றீங்களா பாய்? நானும் மெக்கானிக்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

கோவளத்துக்குக் கொண்டுபோய் இறக்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த மூடிதான். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. டேங்க்கைச் சாய்த்தால் அதன் வழியாகக் "கிருஷ்ணாயில்" என்கிற மண்ணெண்ணெய் கசிந்தது. அலை அடித்தால் உப்புத் தண்ணீரும் அந்த வழியாக உள்ளே போகுமே என்று எனக்குப் பட்டது. அந்தக் காலத்தில் பெட்ரோல் டேங்க்கில் கசிவு என்றால் பட்டறையில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்றுண்டு: துணி துவைக்கிற பார் சோப்பைக் கிள்ளிப் பிசைந்து ஓட்டையில் அப்பிவிடுவோம், சோப்பு எண்ணெயில் கரையாது. அக்காவிடம் ஒரு துண்டு சோப்பு வாங்கி அழுத்தி அடைத்தேன். அதற்கு மேலே துணி வைத்துச் சுற்றிக் கட்டியும் விட்டேன்.

"ஒரு சொட்டு கடல் தண்ணி போவாது மாமா. நடுக்கடல்ல மட்டும் மூடியத் தொறந்துடாதீங்க" என்றேன்.

அன்றிலிருந்து எஞ்சினுக்கு நோய் பிடித்தது. கரையில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிஷம் அருமையாக ஓடும், நான் நிறுத்திவிடுவேன். கடலில் இறக்கினால் கால் மணி நேரத்தில் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். துடுப்புப் போட்டுத் திரும்பி வருவார்கள். பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதினேன். ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்துவிட்டு, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிக் கயிற்றை இழுத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். பிளக்தான், நாம் சரிசெய்துவிட்டோம் என்று நினைப்பேன். மறுநாள் கடலில் மறுபடியும் அதே கால் மணி நேரம்.

"இன்னாடா மச்சான், எஞ்சினுக்குக் கரைய வுட்டுப் போக மனசில்லியா? கஸ்தூரிய மாரியே கீது" என்று மாமா முதல் வாரம் சிரித்தார். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து, உள்ளே இருக்கிற ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டினேன். அந்த இரும்பின் முன்னால் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் வாய் மட்டும், "இன்னிக்கு ஓடும் மாமா, நான் கேரண்டி" என்றது.

அந்தச் சொல்லை நம்பித்தான் அவரும் அவர் தம்பியும் அன்று விடியும்போதே போனார்கள். கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளுகிற கரைக்காற்று பலமாக இருந்த நாள். ஒன்பது மணிக்கு மற்ற படகுகள் திரும்பிவிட்டன, பத்து மணிக்கு மீனும் விற்றுத் தீர்ந்தது. இவர்களைக் காணோம். "எஞ்சினு நின்னு பூடிச்சி போல, காத்துல தெக்கால இழுத்துக்கினு போவுது" என்று ஒருவர் சொன்னார். இரண்டு படகுகள் தேடிப் போயின. நான் என்ன செய்வேன்? எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. பையில் ஸ்பானர் இருந்தது. அக்கா ஈர மணலில் நின்றபடியே இருந்தாள். பக்கத்தில் போய், "வந்துடுவாங்கக்கா" என்றேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே, "நீ பேசாத" என்றாள். வெயில் தலைக்கு மேலே வந்து, முதுகுக்குப் போய், இறங்கியும் விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேடிப்போன படகு ஒன்று அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கிளப்புகிற பெட்ரோல் தீரும்வரை கயிற்றை இழுத்துப் பார்த்து, பிறகு காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டு, மாமாவின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. கையை நீட்டிக் காட்டி, "மூடியத் தொறக்கவே இல்லடா, நீ சொன்ன மாரி" என்றார்.

கூட்டம் என்னைப் பார்த்தது. "இவன் கைய வெச்சதுதான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் சொன்னேன்: "எஞ்சினே செத்த எஞ்சின் மாமா. உள்ள பிஸ்டன் தேஞ்சிருக்கு. பாய் தெரிஞ்சேதான் நம்ம தலையில கட்டிட்டாரு." அப்போது நான் அதை நம்பினேனா என்று கேட்டால், நம்ப வேண்டியிருந்தது.

மறுநாள் ஏழெட்டுப் பேர் எஞ்சினையும் டேங்க்கையும் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனோம். சந்தே கூடிவிட்டது. மாமா உரிந்த கையைத் தூக்கிக் காட்டினார். "நல்ல எஞ்சின்தான் குடுத்தேன், அல்லா மேல ஆணை" என்றார் பாய். யாரோ அவர் துண்டைப் பிடித்து இழுத்தார்கள், கல்லாப் பெட்டி கீழே விழுந்தது. கடைசியில் பணத்தைக் கொடுத்துவிட்டு எஞ்சினைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து அந்தச் சந்து வழியாகப் போனேன். பாய் கடைக்குள் டிரம்மில் அதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் ஓடியது, நிற்கவில்லை. பலகைமேல் ஒரு குண்டூசி, அதன் பக்கத்தில் காய்ந்துபோன சோப்புத் துணுக்கு. டேங்க் மேல் இருந்த மூடியின் துளையை விரலால் பொத்திக் காட்டினார். கால் மணி நேரம் போல விரலை எடுக்காமல் இருந்தார், எஞ்சின் இருமி நின்றது. விரலை எடுத்தார், உள்ளே காற்றுப் போகிற சத்தம் கேட்டது.

"எண்ணெய் வெளிய போகணும்னா காத்து உள்ள வரணும்ல தம்பி. அன்னிக்கு இதத்தான் சொல்ல வந்தேன்" என்றார். பிறகு, "நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. மாமாகிட்ட நீயே சொல்லிடு" என்றார். திட்டவில்லை. சரி பாய் என்று எழுந்து வந்தேன்.

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் குப்பத்தில் என் பேர் பரவியிருந்தது, பாய் ஏமாற்றியதையே கண்டுபிடித்த பையன் என்று. பாயிடம் போய்க்கொண்டிருந்த படகுக்காரர்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த எஞ்சின்களில்தான் என் தகரக் கொட்டகை எழும்பியது. பாய் இரண்டு வருஷத்தில் கடையை விட்டுவிட்டார். குடும்பம் வடக்கே எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். பிற்பாடு விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது அந்தச் சந்தில் செல்போன் கடை இருக்கிறது. டிரம் இருந்த இடத்தில் கண்ணாடி அலமாரி. பார் சோப்பால் டேங்க் அடைக்கத் தெரிந்தவன் என் பட்டறையிலேயே கிடையாது. போன மாதம் ஏழுமலை மாமா தவறிப்போனார். பதினாறாம் நாள் சாப்பாட்டில் அக்கா பேரப்பிள்ளைகளிடம், "ஒரு பாயி ஏமாத்தி உங்க தாத்தாவக் கடல்ல வுட்டுட்டான்" என்று அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அவுரும் பூட்டாரு, அந்தாளும் இருக்கானோ இல்லியோ. இப்ப இன்னாத்துக்குடா இத்த எடுக்கற? வுடு" என்று சொல்லிவிட்டு இலை எடுக்கப் போய்விட்டாள். அன்று மாலையே ஒரு பேரன் இன்னொருவனிடம் பாய் ஏமாற்றிய கதையைச் சொல்வது என் காதில் விழுந்தது.

இந்தப் பகுதி வேண்டாமே அப்பா, மலரில் எல்லாரும் படிப்பார்கள் என்கிறாள் என் மகள். படிக்கட்டும். பட்டறைக் கல்வெட்டிலும் வீட்டு வாசலிலும் என் பேர் இருக்கிறது. ஓடாத எஞ்சினையெல்லாம் ஓடவைத்தவன் என்ற பேரை நான் கேட்டே வாங்கியிருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தியவனும் நான்தான். இனி அந்தக் கதையை யார் சொன்னாலும் காசிம் பாய் பேரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பேரைப் போடுங்கள்.