மரேத்தா ஒத்துக்கொண்ட ஒரே யோசனை

மரேத்தா காலையில் எழுந்ததும் முதலில் தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவாள். ஆள்காட்டி விரலை மடக்கி, முட்டியால், அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வளையமாக. தண்ணீர் உள்ள இடத்தில் சத்தம் குட்டையாக விழும். இல்லாத இடத்தில் நீண்டு எழும். சத்தம் மாறும் இடம் வந்ததும் விரலை அங்கேயே ஊன்றிக்கொண்டு, மறு கையால் கரித்துண்டை எடுத்து ஒரு கோடு இழுப்பாள். நேற்றைய கோடு எத்தனை விரல் மேலே இருக்கிறது என்று பார்ப்பாள். அதன் பிறகுதான் அன்றைக்கு யார் குளிக்கலாம், யார் கிணற்று உப்புத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு சமாளிக்க வேண்டும் என்பதெல்லாம் முடிவாகும்.

அப்படிப்பட்டவளிடம் கிளினிக் நர்ஸ் அகெனெத்தே ஒருநாள் சொன்னாள்: "தினம் ஆளுக்கு எட்டு டம்ளர் தண்ணி குடிக்கணும்க்கா."

"எட்டா? எங்க வீட்ல ஏழு பேரு. அம்பத்தாறு டம்ளர். குடிச்சிடறோம். மழைக்கு நீ சொல்லி அனுப்புறியா, நான் சொல்லட்டுமா?"

வரிசையில் பாய்விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அகெனெத்தேவுக்கும் சிரிப்பு வந்தது. "நான் என்னக்கா பண்றது, பேப்பர்ல இருக்கறதத்தான் சொல்றேன்."

"அந்தப் பேப்பர் எங்கிருந்து வந்துச்சோ அங்க வீட்டுக்கு வீடு குழாய் இருக்கும்டி."

மரேத்தாவின் கணவன் பரானிக்கோவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த வருடம் அது. பசிபிக் கடலின் நடுவே உள்ள தெற்குத் தராவா தீவில் அது யாருக்குத்தான் இல்லை. இனிப்பைக் குறை என்றதை மரேத்தா ஒரு யோசனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை என்று நோய்க்கே பெயர் வைத்தபின் அதை ஒருவர் வந்து சொல்ல வேண்டுமா? மிச்சமெல்லாம்தான் அவளுக்கு வேடிக்கை. மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போது அகெனெத்தே ஒன்று சொல்வாள், இவள் ஒன்று கேட்பாள். அதைக் கேட்பதற்காகவே சிலர் முன்கூட்டி வந்து இடம் பிடித்தார்கள்.

"தினம் அஞ்சு வகை காய் சாப்பிடச் சொல்லுக்கா அவர."

"முட்டைக்கோசு பிளேன்ல வருது. நான் இன்னும் பிளேன்ல ஏறல. நம்மள விடப் பெரிய ஆளு அது. அதப் போய் எப்படி வெட்டறது?"

"அரைமணி நேரம் நடக்கணும்."

"நாலு தென்னை. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. ஏறி எறங்கறாரு. மேல போறது நடையில சேராதா?"

"கவலைய விடணும்க்கா."

"விட்டுடலாம். நீ வாங்கிக்கிறியா?"

பரானிக்கோ பதநீர் இறக்குகிறவன். பாளையைச் சீவிச் சொட்டவிட்டு, சீசாவைக் கட்டிவிட்டு, உச்சியில் உட்கார்ந்து பாடுவான். அங்கே ஒருவன் இருக்கிறான் என்று கீழே குளிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் அந்த வழக்கமே. அவனுடைய பாட்டு சுமார்தான். ஆனால் அவன் பாதங்கள் அழகானவை என்று மரேத்தா கல்யாணமான புதிதில் தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். அகன்று, விரல்கள் தனித்தனியாக, மரத்தில் வெட்டிய படிகளைக் கை போலப் பற்றுகிறவை. ஐம்பத்திரண்டு வயது வரை அந்தப் பாதங்கள்தான் அந்த வீட்டைச் சுமந்தன.

ஷூ போட வேண்டும், வெறுங்காலோடு எங்கும் போகக்கூடாது, மரம் ஏறவே கூடாது என்று அகெனெத்தே சொன்னபோது மரேத்தா வழக்கம்போலத்தான் கேட்டாள்: "மீன் பிடிக்கப் போனா? உப்புத் தண்ணி ஷூவுக்குள்ள போயி கால ஊறுகா போடவா?" எல்லாரும் சிரித்தார்கள். அகெனெத்தே மட்டும் சிரிக்கவில்லை. "அவருக்குப் பாதம் மரத்துப் போகும்க்கா. முள்ளு குத்தினாக்கூடத் தெரியாது" என்றாள்.

மரேத்தா அதை நம்பவில்லை. மரமேறுகிறவனுக்கு மரத்தின் பொருக்கு கூடப் பாதத்தில் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அவள் ஈரப்பலாக்காயைத் தணலில் சுட்டுக்கொண்டிருந்தாள். பரானிக்கோ அடுப்பருகே நின்று மகளோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். கருகும் வாசனை வந்தது. பலாவைத் திருப்பிப் போட்டாள். மறுபடியும் வந்தது. குனிந்து பார்த்தாள். அவன் ஒரு தணலின் மேல் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. மகள் சொன்ன எதற்கோ சிரிக்கக்கூடச் செய்தான்.

கருகியது காய்த்துப்போன மேல்தோலோடு நின்றது. அன்று மதியமே மரேத்தா பழைய துணி மூட்டை இறங்கும் கடைக்குப் போய் ஒரு ஜோடி நீலக் கேன்வாஸ் ஷூ வாங்கிவந்தாள்.

"என்னது இது?" என்றான்.

"போடு."

"ரெண்டு காலும் தனித்தனித் தோணில போற மாதிரி இருக்கு."

"தோணிக்காரன்தானே நீ. போ."

லேஸ் கட்ட இருவருக்கும் தெரியாது. அவள் தூண்டிலுக்குப் போடும் முடிச்சைப் போட்டாள். நான்கு தென்னைகளும் அவன் தம்பியிடம் போயின. தினமும் காலையில் அவளே கூடப் போனாள், நாய்களுக்காகக் கையில் ஒரு கம்போடு. சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், "என்ன பரானிக்கோ அண்ணே, மந்திரி ஆயிட்டீங்களா? பின்னாடி போலீஸ் வேற வருது" என்றார்கள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான். அவள் பதிலுக்குக் கேலி பேசாமல் நடந்தாள். அந்த அடுப்படி வாசனை அவளை விட்டுப் போகவில்லை.

மாலையில் தம்பி அண்ணனின் மரத்தில் உட்கார்ந்து பாடுவது கேட்கும். பரானிக்கோ அந்த நேரத்தில் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பான்.

ஷூவை வீட்டுக்குள் யாரும் கொண்டுவர மாட்டார்கள். சாப்பிடுகிற பாய், தூங்குகிற பாய், எல்லாம் அதே பாய்தான். மரக்கால்களில் நிற்கும் அந்தச் சுவரில்லாத குடிலின் கீழே, தூணோரமாக, மரேத்தா அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி அழகாக வைப்பாள். இருட்டியதும் கரையிலிருந்து சங்கு நண்டுகள் தங்கள் கூடுகளை இழுத்துக்கொண்டு ஏறிவரும் என்பது அந்தத் தீவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். சிரட்டை, டப்பா, கவிழ்ந்த சட்டி, பொந்து எது கிடைத்தாலும் நுழையும். தூண்டிலுக்கு இரையாக அவற்றைப் பொறுக்கி வளர்ந்தவள்தான் மரேத்தாவும். ஆனால் ஷூவை அவள் ஒரு பொந்தாக நினைக்கவில்லை. அது மருந்து. ஷூ போட்டுப் பழகிய வேறு ஊர்க்காரனுக்கு அது வெறும் ஷூவாகவே இருந்திருக்கும், கால் நுழைப்பதற்கு முன் தட்டிப் பார்த்திருப்பான்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, நடந்து திரும்பியபோது வலது ஷூவிலிருந்து வாடை வந்தது. மீன் வாடை என்று முதலில் நினைத்தாள். முடிச்சை அவிழ்த்து இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். ஷூவோடு, காலில் ஒட்டியிருந்ததும் வந்தது.

சுண்டுவிரல் நகம் அளவு நண்டு. செத்துப்போய் நாளாகியிருந்தது. அதன் சங்கு நொறுங்கி, ஒரு சில்லு பெருவிரலுக்குக் கீழே உள்ளே போய்விட்டிருந்தது. சுற்றிலும் சதை கறுத்திருந்தது. தினமும் கழற்றியும் அடிப்பாதத்தை யாரும் திருப்பிப் பார்த்திருக்கவில்லை.

பரானிக்கோ குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எத்தன நாளா?" என்றாள்.

"தெரியலயே."

"வலிக்கலயா?"

"வலிச்சா சொல்ல மாட்டனா, மரே?"

கிளினிக்கில் அகெனெத்தே, மரேத்தா காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொன்னாள். ஷூவை மரேத்தா பைக்குள் வைத்து எடுத்துப் போனாள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றுதான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "எப்படி ஆச்சு?"

மரேத்தா பைக்குள் கையை விட்டாள். அதற்குள் பரானிக்கோ அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"பவளத்திட்டுல மீன் பிடிக்கப் போனேன் டாக்டர். வெறுங்கால்ல."

"எத்தன தடவ சொல்லியாச்சு, ஷூ போடுங்க ஷூ போடுங்கன்னு? யாராவது கேக்கறீங்களா? இப்ப என்ன ஆச்சு பாருங்க."

"தப்புதான்" என்றான் பரானிக்கோ. டாக்டர் எழுதிக்கொண்டார்.

முதலில் விரலை எடுத்தார்கள். அடுத்த வாரம் பாதிப் பாதத்தை. அதற்கும் அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், போர்வை அந்தப் பக்கம் திடீரென்று தட்டையாகிப் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்: "ஏன்யா பொய் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா கால் முளைக்குமா? அந்த வரிசையில ஒக்காந்திருக்கறவளுங்க ஒன்னப் பாத்து சிரிப்பாளுங்க. எட்டு டம்ளரக் கேலி பண்ணினவ, ஷூவ மாட்டிப் புருசன் கால வாங்கிட்டாளாம்னு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "நீதான் முடிச்சுப் போட்ட. அத வேற ஒருத்தன் பேப்பர்ல எழுத வேணாம்."

அவள் எழுந்து வெளியே போனாள். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

இடது ஷூவை இன்னும் போடத்தான் வேண்டும் என்றார்கள். காலையில் அதற்குள் கையை விட்டுத் துழாவுவாள். எடுத்து, கவிழ்த்து, மறுபடியும் விட்டுத் துழாவுவாள். மூன்றாம் முறையும். பிறகும் அவன் காலை நுழைக்கும்போது அவள் முகம் திரும்பிக்கொள்ளும்.

கிளினிக் வரிசையில் அவள் இப்போது கடைசியில் உட்கார்ந்தாள். புதிதாக வந்த சில பெண்கள் அவள் வாயைத் திறப்பாள் என்று காத்திருந்து ஏமாந்தார்கள். அகெனெத்தே என்ன சொன்னாலும் தலையாட்டினாள். உப்பைக் குறை என்றால் சரி. உட்கார்ந்தபடியே கைகால் அசைக்கச் சொல் என்றால் சரி. மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொல் என்றதற்கும் சரி என்றாள்.

"அக்கா, எதாச்சும் கேளேன்" என்றாள் அகெனெத்தே, பயந்துபோய்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பரானிக்கோ அதற்கடுத்த மழைக்காலம் வரை இருந்தான்.

அவன் போன பிறகு வெகுநாள் கழித்துத்தான், அந்த வார்டில் துடைத்துப் பெருக்கிய பெண் ஒருத்தி சொல்லித் தெரியவந்தது. பரானிக்கோவுக்குக் கால் எடுத்த அதே வருடம் அங்கே இன்னும் இரண்டு பேருக்குக் கால் எடுத்தார்கள். இரண்டு பேரும் புதிதாக ஷூ போட ஆரம்பித்தவர்கள். சொந்தக்காரர்கள் கழுவித் தரச்சொல்லிக் கொடுத்த ஷூக்களை அவள் உதறியபோது இரண்டிலிருந்தும் உடைந்த சங்கு விழுந்திருக்கிறது. டாக்டர் கேட்டபோது அவர்களும் பவளத்திட்டில் வெறுங்காலோடு நடந்ததாகத்தான் சொல்லியிருந்தார்கள்.