வேகமாக ஓடிய பொட்டலம்

என் அக்கா வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிப் பேச்சை மாற்றுவது எங்கள் குடும்பத்து வழக்கம். அதற்கு மேல் விளக்கினால் கேட்டவர் கொட்டாவி விடுவார். ஒரே அலுவலகத்தில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும் விவரம் தெரியும். மாமா பொட்டலம் கட்டுகிறவர்.

எங்கள் கம்பெனி மருந்துக் கடை ஃபிரிட்ஜ்களைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்கிறது. ஃபிரிட்ஜ் சூடானால் கடைக்காரரின் போன் அலறும். இந்த மென்பொருள் மருந்துக் கடைகளின் தலைமை அலுவலகங்களில் இருக்கிற பெரிய சர்வரிலும் ஓட வேண்டும், கடையில் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற சோப்புக்கட்டி அளவு மெஷினிலும் ஓட வேண்டும். இரண்டின் சிப்பும் வேறு வேறு இனம். ஒன்றுக்கென்று செய்தது மற்றதில் ஓடாது, திரையில் ஒரு வரி திட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்து, ஓடுவதற்குத் தேவையான சாமான்களையும் உள்ளே வைத்து, பொட்டலமாகக் கட்டி, இரண்டையும் ஒரே பெயரில் இணையத்தில் ஏற்றி வைக்க வேண்டும். எந்த மெஷின் கேட்கிறதோ அதற்கு உரிய பொட்டலம் தானாகப் போய்ச் சேரும். கண்டெய்னர் இமேஜ் என்பார்கள். மாமா பொட்டலம் என்றுதான் சொல்வார். அவர் எதிலும் அப்படித்தான், ஆடம்பரம் கிடையாது.

வெகுகாலம் இதைக் கையால் செய்தார். புதுப் பதிப்பு வெளியாகிற ரிலீஸ் நாளன்று சாப்பிடப் போகமாட்டார், யாரோடும் பேசமாட்டார். எல்லாம் ஏறி முடிந்து திரையில் பச்சை டிக் விழுந்த பிறகுதான் நாற்காலியில் சாய்வார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பச்சைக்கொடி என்று பெயர். பட்டப்பெயர் வைத்த புண்ணியவான்கள் யாரும் அந்த டிக் எப்படி விழுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பிறகு மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். ரிலீஸ் வேலை முழுவதையும் தானே செய்யும் ஒரு கருவியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். செய்முறையை ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், புதுப் பதிப்புக்கு ஒரு எண்ணை ஒட்டியதும் கருவியே நிரலைச் செய்து, கட்டி, ஏற்றி, அறிவிப்பும் போட்டுவிடும். மாமா அந்தச் செய்முறையைப் பூஜை மாதிரி உட்கார்ந்து எழுதினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்பதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான்.

மேனேஜருக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. "எல்லாத்தையும் கருவியே செய்யுதுன்னா இவருக்கு என்ன வேலை?" என்று கூட்டத்தில், மாமாவை வைத்துக்கொண்டே கேட்டார். கருவியால் செய்யும் முதல் ரிலீஸ் முடியட்டும், பிறகு அவரது இடம் வேண்டுமா என்று முடிவெடுக்கலாம் என்றார். மாமா தலையாட்டினார். பின்னே என்ன செய்வார், வாயில்லாப் பூச்சி. அக்கா அப்போதுதான் வேலையை விட்டிருந்தாள், இரண்டாவது பிள்ளை வயிற்றில். அந்த வீடு முழுக்க மாமா ஒருவருடைய வேலையில்தான் நின்றுகொண்டிருந்தது.

கருவியை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அங்கேதான் அதிர்ஷ்டம் அடித்தது. மாமாவின் கம்ப்யூட்டர் பெரிய மெஷின் இனம். சின்ன மெஷினுக்கான பொட்டலத்தையும் அதிலேயே சோதிக்க வேண்டும் என்பதற்காக, சின்ன மெஷினைப் போலவே நடிக்கிற ஒரு மென்பொருளைப் போட்டு வைத்திருந்தார். அந்த நடிப்பில் எதை ஓட்டினாலும் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். இந்த முறை சின்ன மெஷின் பொட்டலம் பறந்தது. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக அதைப் படம் போட்டு மேலிடத்துக்குக் காட்டினார். "புதுச் செய்முறையில சின்ன மெஷின் எப்படி ஓடுது பாருங்க. இந்த மாதிரி ஆள் நமக்கு வேணும் சார்" என்று சொன்னாராம். நான் அன்று மாலை அக்காவுக்கு இனிப்பு வாங்கிப் போனேன்.

அக்கா டப்பாவைத் திறந்து நீட்டினாள். மாமா எடுக்கவில்லை.

"மாப்ள, அது ஏன் அவ்ளோ வேகமா ஓடுது?" என்றார்.

"நீங்க நல்லா செஞ்சிருக்கீங்க, ஓடுது."

"நல்லா செஞ்சா அவ்ளோ வேகமா ஓடாது."

"என்னங்க, ஓடலைன்னாலும் கவலைப்படுறீங்க, ஓடினாலும் கவலைப்படுறீங்க" என்றாள் அக்கா. "முதல்ல இதை வாயில போடுங்க."

வீட்டில் உப்பு டப்பாவின்மேல் உப்பு என்று எழுதி ஒட்டியவரே மாமாதான். ஆனாலும் திறந்து, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். அக்கா இதற்காக அவரைத் திட்டாத நாள் இல்லை.

மறுநாள் என் மேசைக்கு வந்து, "உன்கிட்ட சின்ன மெஷின் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நான் வாடிக்கையாளர் பிரிவு. போனை எடுத்துத் திட்டு வாங்குவது என் தொழில். பழுது என்று திருப்பி அனுப்பியவை என் இழுப்பறையில் கிடக்கும். நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். மாமா அதில் புதுப் பொட்டலத்தை இறக்கி ஓட்டினார். அது ஒரு வரி திட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

பெரிய மெஷினுக்கான செய்முறையை நகல் எடுத்து ஒட்டி, பொட்டலத்தின் பெயரை மாற்றி, மேலே முத்திரையையும் சின்ன மெஷின் என்று மாற்றிய மாமா, உள்ளே எந்த நிரலை வைப்பது என்ற ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டார். வெளியே சின்ன மெஷின் சீட்டு, உள்ளே பெரிய மெஷின் சரக்கு. பெரிய மெஷினிலேயே சோதித்ததால், நடிப்பே தேவைப்படாமல் அது தன் வீட்டில் ஓடுவதுபோல் ஓடியிருக்கிறது. உப்பு டப்பாவை நம்பாத மனுஷன் தன் பொட்டலத்தின் சீட்டை நம்பியிருக்கிறார்.

"மாமா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றேன். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அப்படியே ரிலீஸ் ஆகட்டும். கடைக்கடையா மெஷின் படுக்கும், என் போன் பத்திக்கும், எல்லாரும் உங்ககிட்டதான் ஓடி வருவாங்க. அப்ப அந்த ஒரு வரியை மாத்துங்க. அதுக்கப்புறம் உங்களை அசைக்க ஆளே கிடையாது."

"அதுவரைக்கும் ஃபிரிட்ஜ்?"

"ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடும்?"

"அது எனக்குத் தெரியாதே மாப்ள. கரண்ட் போன கடையில என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிழைக்கத் தெரியாத மனுஷனோடு என்ன பேசுவது? அங்கேயே உட்கார்ந்து வரியை மாற்றினார். என் இழுப்பறை மெஷின் எழுந்து ஒழுங்காக ஓடியது. அவருடைய கம்ப்யூட்டரில் சோதனை பழையபடி ஊர்ந்தது. அதோடு விட்டாரா? நேரே மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

"நல்லா ஓடிட்டு இருந்ததை எதுக்குத் தொட்டீங்க?"

"அது ஓடவே இல்ல சார். ஓடுற மாதிரி இருந்துச்சு. தப்பு என்னோடதுதான்."

"மேலிடத்துல காட்டிட்டேனே. இப்ப வேகம் போச்சுன்னு நான் போய் நிக்கணுமா?"

"அந்த வேகம் நிஜம் இல்ல சார்."

"ஆக, தப்பும் பண்ணிட்டு, வேகத்தையும் குறைச்சிட்டீங்க."

மாமா வெளியே வந்தபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் அவர் பெயரில் பதிவான ஒரே தவறு அதுதான். அதையும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மேனேஜர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை, ரிலீஸ் நாளே அவருக்கு அலுவலகத்தில் கடைசி நாள் என்று முடிவாகிவிட்டது. நண்பகலில் எண்ணை ஒட்டினார். கருவி நிரலைச் செய்தது, இரண்டு பொட்டலமும் கட்டியது, ஒரே பெயரில் ஏற்றியது. பச்சை விழுந்தது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ஃபிரிட்ஜ்களின் பக்கவாட்டில் சின்ன மெஷின்கள் தங்களுக்கு உரியதை இழுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தன. ரிலீஸ் நாளில் மாமா நேரத்துக்குச் சாப்பிடப் போனது அன்றைக்குத்தான் முதல் முறை. நான் போன் எதிரில் உட்கார்ந்து, ஒன்றாவது அடிக்காதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் பிரிவில் இருந்துகொண்டு இப்படி வேண்டியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடிக்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர் என் மேசைக்கு வந்து சிரித்தார். "ஒரு போன் கூட வரலை பார்த்தீங்களா? நான்தான் சொன்னேனே, இதுக்கு ஆளே வேண்டாம்னு." பிறகு கேக் வெட்டினார்கள். மாமாவைப் பற்றி நல்லவர், அமைதியானவர், இருக்கிற இடமே தெரியாது என்று பேசினார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு, அதற்குப் போடவேண்டிய தடுப்பூசி மருந்து வாங்க ஒரு நாள் மாமாவும் நானும் மருந்துக் கடைக்குப் போனோம். மாமாவுக்கு இன்னும் வேறு வேலை அமையவில்லை. கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பக்கவாட்டில் அந்த சோப்புக்கட்டி ஒட்டியிருந்தது, ஓரத்தில் பச்சை விளக்கு. மாமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"அதுவா?" என்றார் கடைக்காரர். "எதுக்குன்னே தெரியலங்க. மாட்டின நாள்லேர்ந்து ஒரு சத்தம் கிடையாது. கழட்டிப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"வேண்டாங்க" என்றார் மாமா. "அது இருக்கட்டும். தயவுசெஞ்சு கழட்டாதீங்க."

இந்த வார்த்தையில் பாதியையாவது மேனேஜர் அறையில் தனக்காகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், நீங்க அந்தக் கம்பெனி ஆளா?"

"இல்லைங்க" என்றார் மாமா. "மருந்து எவ்ளோ ஆச்சு?"