சித்திரையில் பிறந்தவர்கள்

கருணாகரன் சார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவள் அவருடைய மகள் தேன்மொழி. வேறு சாதியில் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் நுழைய முடியாதவள். சேலத்திலிருந்து பேசினாள்.

"வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பாத்துதான் மேடம் எனக்கே தெரியும். அப்பா மூஞ்சிய ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடறேன். வரலாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

கேட்கிறேன் என்றேன்.

தருமபுரியில் ஒரே கல்லூரியில், ஒரே வரலாற்றுத் துறையில் அவரோடு வேலை பார்த்தவள் நான். அவரிடம் படித்தவர்களுக்கு ரோம் என்றால் பேரரசர்கள் நினைவுக்கு வரமாட்டார்கள். ரோம் விழுங்கிய சாம்னியர், வோல்ஸ்கியர், உம்பிரியர் என்ற பழங்குடிகள்தான் வருவார்கள். "மண்ணும் போச்சு, பேசின பேச்சும் போச்சு" என்று சொல்லும்போது அவர் குரல் உடையும். அது நடிப்பல்ல.

அவருக்குப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. பஞ்சம் வந்தால் அந்தக் குடிகள் கடவுளிடம் நேர்ந்துகொள்வார்களாம்: வரும் வசந்தத்தில் பிறப்பதெல்லாம் உனக்கு. ஆடுமாடுகளைப் பலியிடுவார்கள். பிள்ளைகளை வளர்த்து, ஆளானதும் முகத்தை மூடி எல்லைக்கு வெளியே துரத்துவார்கள். போனவர்கள் ஒரு ஓநாயையோ மரங்கொத்தியையோ பின்தொடர்ந்து, புது மண்ணில் குடியேறி, அதன் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொள்வார்கள்.

"சித்திரைல பொறந்தா குடும்பத்துக்கு ஆகாதுங்கறோமில்ல, அதேதான்டா. அவன் தொரத்துனான், நாம திட்டறதோட விட்டுட்டோம். எங்க வூட்டுலயும் சித்திரைல பொறந்தது ஒண்ணு இருக்குது" என்பார். வகுப்பு சிரிக்கும்.

"பின்னால் வந்தவர்கள் எழுதிய கதை சார், ஆதாரம் போதாது" என்று ஒருமுறை சொன்னேன்.

"நீங்க பெத்த தாய்கிட்டயே ஆதாரம் கேப்பீங்க மேடம்."

திருமணமான வாரம் தேன்மொழி கணவனோடு எங்கள் அறைக்கு வந்தாள். அவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"சித்திரைல பொறந்தது, தொரத்தற காலம் வந்துடுச்சு. மூஞ்சிய மூடிக்கிட்டுப் போவச் சொல்லுங்க. எல்லை தொப்பூரு."

அவள் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்து அழுதபடி வெளியேறினாள்.

"பாருங்க, சொன்னபடி செய்யுது" என்றார். அடுத்த தாளைத் திருத்தினார்.

இண்டூரில் அவர் வீட்டு வாசலில் அவருடைய தம்பியிடம் கேட்டேன்.

"பொண்ணு வரக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டுத்தாங்க போயிருக்குது. நீங்க படிச்சவங்க. செத்தவங்க பேச்ச மீறலாமுங்களா?"

தேன்மொழியை அழைத்தேன். என் பதிலுக்குக் காத்திருக்க முடியாமல் கிளம்பி, மாவட்ட எல்லையான தொப்பூர் வரை வந்து இறங்கி நின்றிருந்தாள். சொன்னேன். லாரிகளின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"இப்ப என்ன மேடம் பண்றாங்க?"

அவர்கள் நிலத்திலேயே குழி தயாராக இருந்தது. "முகத்தை மூடுகிறார்கள்" என்றேன்.

"சரிங்க மேடம். சேலம் பஸ் வருது."

அவரைப் பற்றி நல்லவிதமாக எழுதச் சொன்னார்கள் பழைய மாணவர்கள். நல்ல ஆசிரியர், அதை மறுக்கமாட்டேன். இத்தாலி வரைபடத்தின் முன் அவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி அவர் கேட்டது அவர்களுக்கும் நினைவிருக்கும். நான் வைத்துக்கொள்வது அது ஒன்றைத்தான்:

"போனவனுக்குப் பேரு நின்னுச்சு. தொரத்துனவன் ஊரு எங்கடா? வெரல வச்சுக் காட்டு பாப்பம்."