கையில் வைத்த திறப்பு

அருளப்பு அண்ணன் அன்று தண்ணீர்ப் பவுசர் வண்டியின் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, தானாக எடுக்கவில்லை. எங்கள் அலுவலக இணைப்பாளர் அதை மேசையிலிருந்து எடுத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். நான் அந்த அறையில் வயர்லஸ் செட்டுக்கு முன்னால் இருந்தேன். கண்ணால் கண்டேன். அவருடைய படத்துக்கு மாலை போட வருகிறவர்கள் முதலில் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

சாவுச் செய்தியும் அந்த செட் வழியாகத்தான் வந்தது. பின்னேரம். அக்கரையான படுவான்கரையில் ஷெல் விழுந்த சத்தம் வாவியைத் தாண்டி வந்து எங்கள் யன்னல் கண்ணாடிகளை அதிரவைத்து ஓய்ந்திருந்தது. நான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை. பிறகு யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது கேட்டது.

"ஆரும் இருக்கிறீங்களா? நான் யோகம்மா. அருளப்பண்ணன் எழும்புறாரில்ல."

பேசி முடித்ததும் பொத்தானை விட வேண்டும் என்று யோகம்மாவுக்குத் தெரியாது. அதனால் நான் சொன்ன எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அங்கே பிள்ளைகள் அழுவதும், தண்ணீர் நிலத்தில் கொட்டுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன.

அருளப்பு அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் நிவாரண நிறுவனத்தின் பவுசர் சாரதி. வவுணதீவுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில், உட்பகுதி ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் அடைந்துகிடக்கிறது. அங்குள்ள கிணறு சேறாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் டவுனில் குடிதண்ணீர் நிரப்பி, பாலம் கடந்து, இராணுவச் சென்றியில் சோதனைக்கு இறங்கி ஏறி, அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. அங்கே சனத்தை வரிசையில் நிறுத்தித் தண்ணீர் பங்கிடுவது யோகம்மா. அவரும் இடம்பெயர்ந்தவர்தான். சம்பளம் இல்லாத தொண்டர். எங்கள் அடையாள அட்டைகூட அவருக்கு இல்லை.

அண்ணன் பயந்தவர். இப்படி எழுதுவது மரியாதைக் குறைவு என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அவரைத் தெரியாது என்று அர்த்தம். பயத்தை அவர் மறைத்ததே இல்லை. ஷெல் சத்தம் கேட்டால் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையோடு மேசைக்குக் கீழே போய்விடுவார். அங்கிருந்தபடியே ஒரு மடக்கு குடிப்பார். நான் சிரித்தால், "சிரி புள்ள, சிரி. பயமில்லாத ஆள் பவுசர் ஓடக்கூடா. அவன் தண்ணியையும் கவுப்பான், தன்னையும் கவுப்பான்" என்பார். அவர் ஓட்டி வண்டி ஒரு தடவையும் கவிழ்ந்ததில்லை.

ஒருநாள் நானும் அவரோடு அக்கரைக்குப் போனேன். சென்றியில் புதிதாக வந்திருந்த சிப்பாய் தாங்கியைக் காலியாக்கிக் காட்டச் சொன்னான். அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். துவக்கின் முனை அண்ணனின் வயிற்றுக்கு நேரே நின்றது. அண்ணன் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ சொல்லி, சென்றிக்குப் பக்கத்தில் வெயிலில் காய்ந்து கிடந்த அவர்களுடைய தண்ணீர்ப் பரலைக் காட்டினார். கொட்டுவதானால் அதற்குள் கொட்டுகிறேன் என்றார். பரல் நிரம்பி வழியத் தொடங்கியதும் சிப்பாய் கையைக் காட்டிப் போகச் சொன்னான். வண்டி நகர்ந்த பிறகுதான் அண்ணனின் கால் நடுங்குவதைக் கண்டேன். கிளச்சில் வைத்த கால் துள்ளிக்கொண்டிருந்தது.

"அவனுக்கும் தண்ணி விடாய்க்கும்தானே புள்ள. ஆனா வாய் திறந்து கேக்க வெக்கம். துவக்கால கேக்கிறான்."

பள்ளிக்கூடத்தில் யோகம்மா தாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "என்ன அண்ணன், வழியில எருமை குளிப்பாட்டினீங்களா?"

"ஓம் தங்கச்சி. சீருடை போட்ட எருமை."

"நல்ல கதை. இப்ப கடைசியா நிக்கிற சனத்துக்கு ஆரு கதை சொல்லுற? நீங்களே சொல்லுங்க."

அண்ணன் சொன்னார். வரிசையின் கடைசிக்கு நடந்துபோய், இன்றைக்குக் குறைவு என்றும் ஏன் குறைவு என்றும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் அறிக்கைகளில் அந்தச் சனத்துக்குப் 'பயனாளிகள்' என்று பெயர். அவர் அந்தச் சொல்லை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை.

போன முறை தொண்டர் தினம் கொண்டாடியபோது அவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் குத்துவிளக்கு, பிரதம விருந்தினர், பின்னால் பெரிய பதாகை. தன்னலமற்ற தொண்டர் என்று அறிவிப்பாளர் நீட்டி முழக்கினார். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று ஒலிவாங்கியைக் கொடுத்தது அவர்கள் விட்ட பிழை.

"நான் சம்பளத்துக்கு வேல செய்றன். தொண்டர் அங்கால நிக்கிறாங்க. யோகம்மா, அவவோட நிக்கிற பொம்பிளையள். அவங்களுக்கு இண்டைக்கு இஞ்ச வர நீங்க வண்டி அனுப்பல்ல. தொண்டர் இல்லாமத் தொண்டர் தினம் கொண்டாடுறம்."

பின் வரிசையிலிருந்த சாரதிகள் மட்டும் கைதட்டினார்கள். மறுநாள் அவர் அந்தப் பொன்னாடையைக் கொண்டுபோய் யோகம்மாவிடம் கொடுத்தார். யோகம்மா அதை விரித்துப் பார்த்து, "இதக் கட்டிக்கிட்டு இந்த வயசில நான் ஆரக் கலியாணம் முடிக்கிற?" என்று கேட்டு, தண்ணீர் எடுக்கும் பிள்ளைகளுக்கு வெயில் படாமலிருக்க அதைக் குழாய்க்கு மேலே கட்டிவிட்டார்.

இனித் திறப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆபத்தான வீதிக்கு ஊழியர் எவரையும் கட்டளையிட்டு அனுப்பக் கூடாது, விரும்பியவர் போகலாம் என்பது எங்கள் தலைமை அலுவலகத்தின் விதி. நல்ல விதிதான். அதை இங்கே எப்படி நடத்துகிறார்கள் என்றால், சாதாரண நாட்களில் இணைப்பாளர் வண்டித் திறப்பைச் சாரதியிடம் நேரே கொடுப்பார். வீதி மோசமான நாட்களில் அதை மேசையில் வைத்துவிட்டு அப்பால் திரும்பிக்கொள்வார். யார் எடுக்கிறாரோ அவர் தன் விருப்பத்தில் போகிறார். ஏதும் நடந்தால், அலுவலகம் அனுப்பவில்லை என்று ஆகிவிடும். சாரதிகள் சுவரோரம் நின்று அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கரையில் சனம் வெறும் பாத்திரத்தோடு நிற்பது அவர்களுக்குத் தெரியும். கடைசியில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் போய் எடுப்பார். அதை விருப்பம் என்று சொல்கிறோம்.

அன்று காலை அண்ணன் என்னிடம் வந்து, "இண்டைக்கு நான் எடுக்கமாட்டன் புள்ள. வீட்டில சொல்லிட்டுத்தான் வந்த நான்" என்றார். மகளுக்குத் தேவாலயத்தில் முதல்நன்மைச் சடங்கு வருகிறது. ஒபிஸ் அனுப்பினால் தவிர அக்கரைக்குப் போவதில்லை என்று மனைவி பிலோமினாக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிலோமினாக்கா தன் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அண்ணனுக்குச் சிரிப்பு. "வேதக்காரி, சத்தியம் பண்ணப்படாது எண்டுவா. எனக்கெண்டா மட்டும் பண்ணச் சொல்லுவா."

அன்று யாரும் எடுக்கவில்லை. காலையிலிருந்து அக்கரையில் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. திறப்பு மேசையில் கிடந்தது. இணைப்பாளர் வருவதும் போவதுமாக இருந்தார். மறுநாள் வெளிநாட்டிலிருந்து கொடையாளர்கள் வருகிறார்கள். தண்ணீர்த் திட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். திட்டம் நின்றிருக்கக் கூடாது. மத்தியானம் அவர் திறப்பை எடுத்தார். அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அருளப்பு, உங்கள விட்டா ஆரு? போயிட்டு வாங்க."

அண்ணன் கையை நீட்டவில்லை. இணைப்பாளர்தான் அவருடைய கையைப் பிடித்து அதற்குள் திறப்பை வைத்தார்.

"இது விருப்பமா சேர், வேலையா?"

"நாளைக்கு ஆக்கள் வாறாங்க. தண்ணி நிக்கப்படாது."

"அப்ப வேல" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பினார். "கேட்டியா புள்ள? வேலயாம்."

பாலம் தாண்டியதும் செட்டில் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சொன்னார். கடைசியாகச் சொன்னது, "யோகம்மா ஏசுறா, ஏன் இவ்வளவு சுணக்கம் எண்டு. நான் மறுகா கதைக்கிறன்."

அவர் குழாயை மூட ஓடியபோது செத்தார், ஒரு பிள்ளையைத் தூக்க ஓடியபோது செத்தார் என்றெல்லாம் இப்போது கதை உலாவுகிறது. யோகம்மா அப்படிச் சொல்லவில்லை. சத்தம் கேட்டதும் எல்லோரையும் போல அவரும் பங்கர்க் குழியைப் பார்த்து ஓடினாராம். போய்ச் சேரவில்லையாம். எந்தப் பக்கத்து ஷெல் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அவருடைய சாவை இதைவிடப் பெரிதாக்க விருப்பமில்லை. வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு மனிதன், உயிரைக் காப்பாற்ற ஓடி, முடியாமல் செத்தான். அவ்வளவுதான். அது போதாதா?

போதாது போலிருக்கிறது. அலுவலகம் ஒட்டிய துயர் பகிர்வில் 'தன் சொந்த விருப்பின் பேரில் சென்று உயிர் ஈந்த தியாகி' என்று போட்டார்கள். தியாகி என்ற சொல் எவ்வளவு வசதியானது என்று அன்றுதான் விளங்கிற்று. செத்தவருக்கு அது மரியாதை. அனுப்பியவருக்கு அது விடுதலை.

செத்த வீட்டில் பெண்கள் அடங்கிய குரலில் பேசியது பிலோமினாக்காவின் காதில் விழாமல் இருந்திருக்காது. "மகளுக்கு முதல்நன்மை வருகுது. இந்த மனிசன் வீரம் காட்டப் போயிருக்கே." பிலோமினாக்கா அழவில்லை. என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லு. எனக்குச் சொன்னதுக்கு மாறா அவர் தானா எடுத்தவரா?"

நான் கண்டதைச் சொன்னேன். கையைப் பிடித்துத் திறப்பை வைத்ததைச் சொன்னேன். என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று சொன்னேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ சொன்னது எனக்குப் போதும். ஊருக்குக் காணாது. நாளைக்கு இவள் வளந்து, அப்பா எங்கள விட்டுட்டு ஏன் போனவர் எண்டு கேப்பாள். குடுத்த ஆள் வாயால வரணும்."

அருளப்பு அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருப்பது அவர் கேட்ட கேள்வி. இப்போது அலுவலகத்தில் யார் என்னிடம் எதைச் சொன்னாலும், விருப்பமா வேலையா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். வாய்க்கொழுப்பு என்கிறார்கள். புதிய சாரதி ஒருவர் வந்திருக்கிறார், கிரான் பக்கத்து ஊர்க்காரர். போன கிழமை வீதி மோசமாக இருந்தது. திறப்பு மறுபடியும் மேசையில் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்தக் கேள்வியை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவையும் தொண்டர் தினத்தையும் ஒன்றாக்கி நேற்று மண்டபத்தில் வைத்தார்கள். இந்த முறை யோகம்மாவுக்கு வண்டி அனுப்பினார்கள். முதல் வரிசையில் இருத்தினார்கள். பிலோமினாக்காவை மேடைக்கு அழைத்தார்கள். இணைப்பாளர் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். பிலோமினாக்கா குனியவில்லை. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அவர் மெதுவாகப் பேசியதும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"சேர், அண்டைக்குத் திறப்ப ஆரு எடுத்தது?"

இணைப்பாளர் பிரதம விருந்தினரைப் பார்த்தார். பிறகு பொன்னாடையின் ஓரத்தைப் பார்த்தார். நான் எழுந்து, நான் கண்டேன் என்று சொன்னேன். சுவரோரம் நின்ற சாரதிகளில் ஒருவர், நானும்தான் என்றார். இணைப்பாளர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அறிவிப்பாளர் அவசரமாக அடுத்த நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னார். சிறுமிகள் நடன உடையில் படியேறி வந்து, மேடையில் ஆள் நிற்பதைக் கண்டு தயங்கி நின்றார்கள். யோகம்மா முதல் வரிசையிலிருந்து எழுந்து மேடைக்குப் போய் பிலோமினாக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பாட்டுத் தொடங்கிற்று. யாரோ அதை நிறுத்தினார்கள். பிலோமினாக்கா இணைப்பாளரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் குடுத்தன் எண்டு சொல்லுங்க சேர். வேற ஒண்டும் வேணாம். சொல்லுங்க."